டீசல் குளித்த சைக்கிள்

நவம்பர் 2, ஞாயிறு

குன்னத்துக் கரிசல் மண் மழைக்குப் பிறகு எப்படி ஒட்டும் என்று இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் மக்காச்சோளக் காட்டு வழியே கியர் சைக்கிளை இறக்கினேன். கொஞ்ச தூரத்திலேயே மண் அப்பி, சக்கரம் சுற்ற மறுத்துவிட்டது. போகும்போது நான் சைக்கிள்மேல் போனேன். வரும்போது அது என்மேல் வந்தது.

என் வீட்டுக்காரர் மணிவண்ணன் வாசலிலேயே நின்றார். "பொங்கல் வரைக்கும் பாப்பேன் வெற்றி. ஒழுங்கா ஓட்டலன்னா தமிழ்மாறனுக்குக் குடுத்துடுவேன்." தம்பிமேல் அவ்வளவு பாசம்! நாற்பது வயதில் எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள். கொடுக்க மாட்டேன்.

நவம்பர் 3

காய்ந்த மண்ணைக் கரண்டியால் சுரண்டினேன். கரண்டி வளைந்தது.

நவம்பர் 4

வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டுபோனேன். இரண்டு டிராக்டருக்கு நடுவே என் சைக்கிள். கழுவி முடித்ததும், "டீசல் அடிச்சுடவாக்கா? பளபளன்னு இருக்கும்" என்றார் அங்கே இருந்தவர். எல்லா வண்டிக்கும் செய்வதுதானே. "நல்லா அடிங்க, சக்கரத்துக்கும் சேத்து" என்றேன். என்ன தாராள மனசு எனக்கு!

நவம்பர் 5

பிரேக் பிடிக்கவில்லை. இறக்கத்தில் இரண்டு கையாலும் அழுத்தினேன் — சைக்கிள் என்னை மதிக்கவே இல்லை. பக்கத்து வீட்டு ராசாத்தி அக்காவின் வைக்கோல் போருக்குள் போய்த்தான் நின்றேன். "ஏண்டி, கண்ணு தெரியலையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே வந்து அழுதேன். பேசாம குடுத்துடலாமா?

நவம்பர் 8

டிஸ்க் பிரேக்கில் எண்ணெய் படவே கூடாதாம். இப்போது தெரிந்து என்ன செய்ய? டீசலில் ஊறிய பிரேக் பேடைக் கழற்றிப் போட்டு, பெரம்பலூரில் புதிது வாங்கி மாட்டினேன். வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து ஸ்பிரிட் வாங்கி வந்து, பஞ்சில் நனைத்து டிஸ்க்கைத் துடைத்தேன். ஊசி போடப் போகிற மாதிரி, "வலிக்காது" என்றுகூடச் சொன்னேன். பழக்கதோஷம்.

நவம்பர் 9

பிடிக்கிறது! இந்த வீட்டில் என் சொல்பேச்சு கேட்கிற ஒரே ஜீவன்.

நவம்பர் 23, ஞாயிறு

இரவெல்லாம் மழை. காலையில் கொல்லையில் சைக்கிளைக் காணோம். அவரையும் காணோம். குடுத்துட்டாரு, சொன்ன மாதிரியே குடுத்துட்டாரு. தமிழ்மாறனுக்குப் போன் போட்டேன்.

"எனக்கு எதுக்கு அண்ணி சைக்கிளு? நான் கேக்கவே இல்லையே!"

அப்போது தெருமுனையில் அவர் தெரிந்தார். முழங்கால்வரை சேறு, ஒரு கையில் செருப்பு, தோளில் என் சைக்கிள். போகும்போது அவரும் சைக்கிள்மேல்தான் போயிருக்கிறார்.

மதியம்வரை உட்கார்ந்து மண்ணைச் சுரண்டினோம். எனக்கு முன்சக்கரம், அவருக்குப் பின்சக்கரம். பாதியில் என் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டார்: "இதே மாதிரி இன்னொன்னு என்ன வெல இருக்கும்?"