அக்காவின் குரல் ரெக்கவரியில் இருக்கிறது

டேய் தம்பி,

சாப்பாடு அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிச் சாப்பிடு.

லேப்டாப்பில் இன்றைக்கே லினக்ஸ் போட்டுக்கொள், தடுக்கவில்லை. ஆனால் போடும்போது முழு டிஸ்க்கையும் அழிக்கலாமா என்று அது கேட்டால் சரி கொடுத்துவிடாதே. டிஸ்க்கில் ரெக்கவரி என்று தனியாகப் பிரித்துவைத்த சின்னப் பார்டிஷனைத் தொடாதே. லினக்ஸ் ஒத்துவராவிட்டால் பழைய விண்டோஸுக்குத் திரும்ப அதை விட்டால் வேறு வழியில்லை. அதோடு, மற்ற இடமெல்லாம் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டியபோது, அக்கா எனக்காக வாசித்துப் பதிவுசெய்த பனிநாட்டு நாவலை அதற்குள்தான் போட்டுவைத்தாள்.

"வேணும்னா அவளுக்கே போன் பண்ணி வாசிக்கச் சொல்லேன்" என்று நேற்று கத்தினாய். அவள் கல்யாணத்துக்கு நாம் போகாததிலிருந்து போனை எடுப்பதே இல்லை. எடுத்தால் நான் ஏன் இந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழப்போகிறேன்?

என் பென் டிரைவில் இடம் போதவில்லை. உன்னுடையதில் முதலில் அந்தப் பதிவை ஏற்றிக்கொள்.

வீட்டுச் சாவி என் பழைய செருப்புக்கடியில்.

இன்னொன்று. அந்தப் பதிவில் பாதிக் கதையில் நிறுத்திவிட்டு, "ஏய், கேக்குறியா இல்லியா?" என்பாள். அந்த இடம் சரியாக ஏறியிருக்கிறதா பார். ஒவ்வொரு தடவை போட்டுக் கேட்கும்போதும் "கேக்குறேன்க்கா" என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.