சதை போட்டிருக்கிறாள்

மே 6, செவ்வாய்
கத்திரி வெயில். லீவு முடிந்து முதல் ஷிஃப்ட். கம்பெனி பஸ்ஸில் தூங்கிவிட்டேன், மறைமலைநகர் வந்ததே தெரியவில்லை.

ஷிமோகாவில் நாத்தனார் வீட்டுக்குப் போனதற்குப் பலன்: பாக்குத் தோப்பில் மகள் அபி காலில் ஒட்டிய ஒரு உண்ணி. அதனால் குரங்குக் காய்ச்சல். அங்கேயே ஆஸ்பத்திரி. காய்ச்சல் விட்டு, எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தாள். ஏழு வயசுக்கு இது அதிகம்.

வாங்க: இளநீர், உப்புக் கரைசல் பாக்கெட், மாதுளை. நிறையக் குடிக்கக் கொடு என்றுதான் ஊரே சொல்கிறது.

மே 9, வெள்ளி
எதிர்வீட்டு மல்லிகா அக்கா அபி கன்னத்தைக் கிள்ளி, "இன்னா கண்ணு, நல்லா சதை போட்டுகினு கீற" என்றது. உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு. திருஷ்டி சுற்றிப் போட்டேன்.

அவள் காலில் கொலுசு இறுக்கிச் சிவந்த தடம். என் சுண்டுவிரல்கூட உள்ளே போகவில்லை. பெரிசாக ஒன்று வாங்கலாம் என்றார் இவர், பெருமையாக.

சாயங்காலம் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். சோம்பேறி என்று திட்டினேன்.

மே 11, ஞாயிறு
படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா அவள் கால் மேல் விரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

"இது சதை இல்லம்மா, நீர். காய்ச்சல் ஹார்ட்டையும் தாக்கியிருக்கு. அதால பம்ப் பண்ண முடியல, ஒடம்புல தேங்குது."

நர்ஸ் கொலுசைக் கழற்றிக் கையில் கொடுத்தார். பையில் போட்டுக்கொண்டேன். படியில் திட்டியது காதிலேயே இருக்கிறது.

மே 12, திங்கள்
கம்பெனிக்கு லீவு சொல்லியாச்சு. தண்ணீர் இனி அளந்துதான். உப்பு கிடையாது.

"அம்மா, ஒரு வாய் தண்ணி." இந்த வெயிலில். ஊட்டி ஊட்டிக் கொடுத்த அதே கையால் ஈரத்துணியை உதட்டில் வைக்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

மல்லிகா அக்கா இரண்டு பஸ் மாறி இளநீரோடு வந்தது. இளநீரைத் திருப்பிக் கொடுத்தேன். விஷயம் கேட்டு, "நான் கண்ணு வெச்சதுதான்" என்று அழுதது.

தினம் காலையில் எடை. குறைந்தால்தான் நல்லதாம்.

மே 15, வியாழன்
குறைகிறது. நேற்று படுத்தே தூங்கினாள். இன்னும் சில மாசத்துக்கு ஓடியாடக் கூடாது, மாத்திரை தொடரணும் என்றார்கள். சரி.

கன்னம் ஒட்டிவிட்டது. கொலுசு கேட்டாள். போட்டுவிட்டேன். லொடலொடவென்று தொங்கியது. இரண்டு விரல் தாராளமாக உள்ளே போகிறது.

நர்ஸைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன்.