ஏழாம் தொகுதியில் அழிந்த எண்

கோவில்பதாகை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள யுவராணிக்கு,

நானும் அப்பாவும் நலம். மழைக்கு முன் அவருக்கு முழங்கால் வலி வந்து போகிறது, அவ்வளவுதான். டப்ளின் குளிரில் நீயும் ஒழுங்காகச் சாப்பிடுகிறாய் என்று நீ சொல்வதைப் பாதி நம்புகிறேன். போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

நீ பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரில் பிராசசரை நானே மாற்றிவிட்டேன், விண்டோஸை அழிக்காமல். திருமழிசை அப்துல் ரசாக் பட்டறைக்கு நான் வரையும் தகடு அடிக்கும் அச்சுகள், அந்த டைகள், இப்போது பெரிதாகிவிட்டன, ஒன்றைத் திரையில் திருப்பிப் பார்ப்பதற்குள் குக்கர் மூன்று விசில் அடித்துவிடும். புது லேப்டாப் அனுப்புகிறேன் என்றாய், அதில் என் வரைபட மென்பொருள் ஓடாது. அதை விற்ற நிறுவனத்தை மூடி நான்கு வருடம் ஆகிறது, விண்டோஸை அழித்தால் அதைத் திரும்பப் பதிவு செய்து தர ஆளில்லை, பதினேழு வருட வேலை அன்றோடு முடிந்தது. ஆவடியில் பிராசசர் விற்ற ஏகாம்பரம், ‘இன்னா மேடம் நீங்க, ஃபார்மேட் அட்ச்சாதான் புச்சு வேல செய்யும், காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தர்லியா’ என்றார். கணிதம்தான் சொல்லித் தந்தார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மதர்போர்டு நிறுவனத்தின் குறிப்பை இரண்டு முறை படித்து, முதலில் போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் பென்டிரைவ் வழியாகப் புதுப்பித்தேன். அதுவரை சரி. பிராசசர் மேலிருக்கும் ஃபேனைத் தூக்கும்போது பழைய பிராசசரும் பசையோடு ஒட்டிப் பிடுங்கிக்கொண்டு வந்தது, அதன் ஊசிகள் மூன்று வளைந்துவிட்டன. இனி பழையதற்குத் திரும்ப முடியாது. புதியதைப் பொருத்தி ஆன் செய்தால், நீ டிஸ்க்குக்குப் போட்ட பூட்டு பிராசசர் மாறியதால் இது வேறு யாருடைய கம்ப்யூட்டரோ என்பதுபோல், எட்டுத் தொகுதியாக நாற்பத்தெட்டு இலக்கச் சாவி எண்ணைக் கேட்டது. முன்பே பூட்டை நிறுத்தி வைத்திருக்க வேண்டும், தவறு என்னுடையது. கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் நீ அந்த எண்ணை எழுதி ஒட்டிய தாள் இருக்கிறது என்ற தைரியம், அதை ஒருமுறை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. சாவியை இணையக் கணக்கில் ஏற்றாதே என்று அன்று உன்னிடம் பிடிவாதம் பிடித்தவளும் நானே.

அப்பா ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சைக்கிள், மிக்ஸி, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார் அல்லவா, பெட்டிக்கு வைத்தது சரியாக அந்தத் தாளின் மேல். மறுநாள் ஈரத்துணியால் துடைத்தும் இருக்கிறார், மை கரைந்து ஏழாவது தொகுதியில் ஒரு எண் சுத்தமாகக் காணோம். கேட்டதற்கு, ‘பொட்டிக்குப் பொட்டு வெச்சது ஒரு குத்தமா சித்ரா, சாமிக்கு இன்னா தெரியும் நீ அங்க கணக்கு எழுதி வெச்சிகீறேன்னு’ என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏகாம்பரத்துக்கு போன் செய்தார், அந்தப் பக்கம் ‘அதான் அப்பவே சொன்னேனே, அட்ச்சி உடு அண்ணாத்தே’ என்றது எனக்கே கேட்டது. ஃபார்மேட் அடிக்க மாட்டேன் என்று போனை வாங்கி வைத்துவிட்டேன்.

பத்துத் தடவை ஊகித்துப் போட்டுப் பார்த்திருக்கலாம், எனக்கு அது பிடிக்காது. போனில் அந்தச் சாவியைப் பற்றித் தேடிப் படித்தேன். ஆறு இலக்கத் தொகுதி ஒவ்வொன்றும் பதினொன்றால் வகுபடும்படிதான் அமைக்கிறார்களாம். நம்பாமல் மற்ற ஏழு தொகுதிகளையும் வகுத்துப் பார்த்தேன், ஏழும் மீதியில்லாமல் வந்தன. அழிந்த தொகுதியில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் ஒரு பக்கம் பதின்மூன்று, மறுபக்கம் நான்கும் தொலைந்த எண்ணும். இரண்டு பக்கமும் சமமாகவோ பதினொன்று வித்தியாசத்திலோ இருந்தால்தான் வகுபடும், அதற்கு ஒன்பதைத் தவிர எதுவும் பொருந்தாது. ஒன்பது போட்டேன், திறந்துகொண்டது. விண்டோஸும் அப்படியே, மென்பொருளும் அப்படியே. அப்துல் ரசாக்கின் பெரிய டை இப்போது விரல் நகர்த்திய பக்கமெல்லாம் திரும்புகிறது, செவ்வாய்க்கிழமை கொடுத்துவிடுவேன்.

ஆகவே லேப்டாப் வேண்டாம், வேலையை விட்டுவிட்டு ஓய்வெடு என்ற உன் பேச்சும் இனி வேண்டாம். வேளைக்குத் தூங்கு, உடம்பையும் மனதையும் பார்த்துக்கொள், எடுத்த காரியமெல்லாம் உனக்கு நல்லபடி முடியட்டும். சாவி எண்ணை இன்னமும் இணையத்தில் ஏற்றமாட்டேன். பென்சிலால் இரண்டு பிரதி எழுதினேன், ஒன்று அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. மற்றது இந்த உறையில். மறக்காமல் உன் பாஸ்போர்ட்டோடு வை, அதற்கு முன் எட்டுத் தொகுதியையும் வகுத்துப் பார்த்துவிடு.

உன் அம்மா,
சித்ரா