பேரை மட்டும் அழிக்கப் போய்

ராணியக்கா, என் தங்கமே,

உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவேன்? உன் கம்ப்யூட்டர்ல நீ வெச்சிருந்ததெல்லாம் போயிடுச்சுக்கா. உன் மவ கவிதாவுக்காக நீ பேசிப் பதிவு பண்ணி வெச்சதும் அதோட போச்சு.

உன் காரியம் முடிஞ்சதும் அம்மா வழக்கப்படி உன் துணிமணி, சீப்பு, செருப்பு எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துட்டா. கம்ப்யூட்டரை மட்டும் மாமா விடல. ஆனா அதைப் போட்டதும் உன் பேருதான் மொதல்ல வருது. "மாப்ள, செத்தவ பேரு வூட்ல இப்படி எரிஞ்சிக்கினே இருந்தா அவ எப்படிப் போவா? எடுத்துடுங்க"ன்னு அம்மா ஒரே அழுகை.

மாமா உப்பளத்துலேர்ந்து வந்த கையோட, அவருக்குன்னு நீ போட்டுக் குடுத்த கணக்குல போயி உன் பேரை எடுத்துட்டாரு. இங்கிலீஷ்ல என்னமோ கேட்டுச்சாம், சரின்னு அமுக்கிட்டாராம். பேரோட சேர்ந்து எல்லாமே போவும்னு அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். மாமாவைத் திட்ட வாய் வரல. சோத்தைப் பிசைஞ்சு வெச்சுக்கினு அப்படியே உக்காந்திருந்தாரு.

தொண்டை ஆபரேஷன் பண்ணா குரல் போயிடும்னு டாக்டர் சொன்னதும், கதவைச் சாத்திக்கினு மைக்ல பேசுனியே. போன்ல அனுப்புன்னு சொன்னேன். "பரீட்சை நேரத்துல கேட்டு அழுவா, முடிச்சிட்டு வந்து கேக்கட்டும்"னுட்ட. உன் காரியம் முடிஞ்சு திரும்பப் போனவளுக்கு சனிக்கிழமை பரீட்சை முடியுது. பாண்டிச்சேரி ஹாஸ்டல்லேர்ந்து நேரா அதைக் கேக்கத்தான் வர்றா.

அழிஞ்சதை மீட்குற சாஃப்ட்வேர் இருக்குதுன்னு தேடுனேன். அப்பப்பா! ஒரே பக்கத்துல நாலு டவுன்லோட் பட்டன். எது நெஜம், எது பொய்? ஒண்ணு வைரஸைப் புடிக்கிறேங்குது, ஒண்ணு கம்ப்யூட்டரைப் பறக்க வைக்கிறேங்குது. நீயா இருந்தா சந்தையில கத்திரிக்காய் பொறுக்குற மாதிரி பொறுக்குவ. செஞ்சவன் யாரு, அவன் சொந்தப் பக்கம் எது, கூடவே வேற எதையாவது உள்ள நுழைக்கிறானான்னு பார்த்து, வேண்டாததுல இருக்குற டிக்கை ஒவ்வொண்ணா எடுத்துட்டுத்தான் அடுத்ததை அமுக்குவ. பாட்டு கேக்க ஒண்ணு, படிக்க ஒண்ணு, பதிவு பண்ண ஒண்ணு, போதும்னு சொல்லுவ. நான் கேலி பண்ணுவேன்.

ஒண்ணை அமுக்கப் போன நேரத்துல கீழே ஒரு வரி கண்ணுல பட்டுச்சு. அழிஞ்ச டிஸ்க்கு மேலயே புதுசா எதையும் ஏத்தாதே, பழசு இருந்த எடத்துல அது போயி உக்காந்துடும்னு போட்டிருந்தான். ஒடனே ப்ளக்கைப் பிடுங்கிட்டேன்.

பொட்டியைத் துணியில சுத்தி, மாமாவும் நானும் பஸ்ல வானூர் கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கினு போனோம். கடைக்காரர் கேட்ட மொத கேள்வியே அதுதான்.

"அழிச்சதுக்கு அப்புறம் இதுல எதனா ஏத்துனீங்களா?"

"இல்லீங்க."

"அப்போ பார்க்கலாம். வேற மிஷின்ல மாட்டித் தேடணும். கெடைக்கும்னு வாக்கு குடுக்க மாட்டேங்க."

சாயங்காலம் வரைக்கும் அங்கேயே கெடந்தோம். பேரில்லாத ஃபைலா வந்துச்சு, பாதி தொறக்கவே இல்ல. ஒண்ணே ஒண்ணு பாடுச்சுக்கா. நீ மைக்கைச் சரி பார்த்தது. "ஏங்க, வெளிய கேக்குதா?" அவ்ளோதான், அதோட அறுந்துபோச்சு.

கடையில அத்தனை பேர் இருந்தாங்க. மாமா ஸ்டூலை விட்டு எழுந்து நின்னு, "கேக்குது ராணி, நல்லா கேக்குது"ன்னாரு.

மீதியை இன்னும் தேடிக்கினு இருக்காங்க. கெடைக்கலைன்னா கவிதாகிட்ட நான்தான் சொல்லுவேன், உங்கப்பா உங்கம்மாவைத் தொலைக்கல, போவ விடத்தான் பார்த்தாருன்னு. அவரை ஒரு வார்த்தை கேக்க விடமாட்டேன். இது உன்மேல ஆணை.

உன் கூடப் பொறந்தவ,
செல்வி