வேற கம்பெனி

மார்ச் 4

ஓட்டலுக்குத் தைத்துக் கொடுத்த படுக்கை விரிப்புகளுக்குப் பணம் கேட்டு இன்றும் போன் செய்தேன். அங்கே கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு எங்கள் தையல் பட்டறையில் ‘அடுத்த வாரம்’ என்று பெயர். பெற்றவர்கள் வேறு ஏதாவது வைத்திருப்பார்கள். “அடுத்த வாரம் பாத்துக்கலாம்மா” என்றார். எந்த வருஷத்து அடுத்த வாரம் என்று கேட்க வாய்வரை வந்தது. பெரிய ஓட்டல். கோபித்துக்கொண்டால்?

மார்ச் 6

சம்பள நாள். இந்த மாதமும் பாதிதான் கொடுத்தேன். மூத்த தையல்காரி எண்ணிப் பார்க்காமல் மடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 9

வீட்டுக்காரர் ஒரு விளம்பரம் கொண்டுவந்தார். வசூலாகாத பில்லை ஒரு கம்பெனி வாங்கிக்கொள்ளுமாம். நூற்றுக்கு எண்பது உடனே கையில். ஓட்டல் கட்டியதும் கமிஷன் போக மீதி.

“கடன் இல்லடி. உன் பணத்த நீயே முன்னாடி வாங்கிக்கற.”

என் பணத்தை நானே வாங்க நான் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? கேட்டேன். “எதுக்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி” என்று சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போய்விட்டார்.

மார்ச் 11

அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தேன். தேன் மாதிரி ஒரு பெண் குரல்.

“ஓட்டல்காரங்க குடுக்கலைன்னா?”

“நீங்க எங்களுக்குத் திருப்பிக் குடுத்துடணும் மேடம்.”

“அப்ப பயப்பட வேண்டியது யாரு?”

“நீங்கதான் மேடம்.”

இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் பயமுறுத்தியதில்லை. வேறு வழி? நாளைக்குப் போகிறேன்.

மார்ச் 12

எழுத எழுதப் பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்.

கண்ணாடிக் கதவைத் தள்ளினால், மேசைக்குப் பின்னால் — அடுத்த வாரம்! அதே மீசை, அதே சட்டை. கழுத்தில் தொங்கிய அட்டை மட்டும் வேறு.

“சார், நீங்க ஓட்டல்ல...”

“அது காலைல. ரெண்டுக்கும் முதலாளி ஒருத்தர்தான். ஆனா இது வேற கம்பெனிம்மா. உக்காருங்க, பணம் இன்னிக்கே கிடைக்கும்.”

இன்னிக்கே! அந்த வாயில் அப்படி ஒரு சொல் இருந்ததே எனக்குத் தெரியாது.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது கேள்விப்பட்டிருக்கிறேன். இவன் தொட்டிலுக்கு வாடகையும் கேட்கிறான்.

கையெழுத்துப் போட்டேன். ஆமாம், போட்டேன். ரோஷத்தைச் சம்பளமாகக் கொடுக்க முடியுமா?

மார்ச் 13

மீதிச் சம்பளம் கொடுத்தாயிற்று.

மார்ச் 27

ஓட்டலில் புது மாடி திறக்கிறார்களாம். விரிப்பு கேட்டு அந்தக் கணக்குப் பிரிவுக்காரரே போன் செய்தார்.

“பாதி முன்பணம் சார். மீதி, சரக்கு இறக்குனதும்.”

“இத்தன நாளா இப்படி இல்லையேம்மா?”

“அது பழைய கம்பெனி சார். இது வேற கம்பெனி.”

போனை வைத்துவிட்டார். “வர்ற லட்சுமிய எட்டி உதைச்சிட்டியே!” என்று இவர் ஒரு பக்கம். சும்மா இருந்திருக்கலாமோ?

மார்ச் 30

போன் இல்லை. பட்டறையில் பாதித் தையல் மெஷின் சும்மா கிடக்கிறது. யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 1

முன்பணம் வந்துவிட்டது! என் மேல் இரக்கமெல்லாம் இல்லை. திறப்பு விழா நெருங்கிவிட்டது. விருந்தாளி வெறும் மெத்தையில் படுக்க மாட்டானே.

ஏப்ரல் 6

சரக்கு இறக்கினோம், மீதியும் கைக்கு வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எல்லாருக்கும் முழுச் சம்பளம். மூத்தவள் இந்த முறை எண்ணினாள், இரண்டு தடவை. மற்றவர்களைப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்:

“ஏங்க்கா, பட்டறைய மூடப் போறீங்களா?”