கறுப்புக் கரை போட்ட கார்டு

சென்னை,
12-8-1957

குருபரப்பள்ளியில் இருக்கும் அம்மாவுக்குத் திம்மராயன் விழுந்து வணங்கி எழுதுவது. நான் சுகம். உன் கன்னத்துப் புண் ஆறியதா? களி விழுங்க முடிகிறதா?

புற்றுநோய் வைத்தியம் முடிந்து ஊர் போனவர்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கார்டு போட்டு, சுகம் விசாரித்துப் பதிவேட்டில் எழுதுவதுதான் என் வேலை. அதை வைத்துத்தான் எந்த வைத்தியம் பலித்தது என்று டாக்டர் தெரிந்துகொள்கிறார். இந்தத் தடவை நம் பக்கத்திலிருந்து ஒரு பதிலும் வரவில்லை.

நேற்று ஒரு வேடிக்கை. இங்கே வைத்தியம் பார்த்துக்கொண்ட சூளகிரி லட்சுமியம்மாள் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரி கார்டு வந்துச்சுங்க. சுத்தி கறுப்புக் கரை இருக்கவும், சாவுக் கார்டுன்னு படிக்காமலே வாசல்ல கிழிச்சுப்போட்டுத் தலை முழுகிட்டோம். செத்தது யாருன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

அச்சகத்தார் அழகுக்காகப் போட்ட கரை அது. எல்லோரும் சிரித்தோம்.

உனக்கும் அதே கார்டுதான் போட்டேன், அம்மா. பிறகு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. பதில் வராதவர் பெயருக்கு நேரே 'தெரியவில்லை' என்று எழுதச் சொல்லி டாக்டர் உத்தரவு. உன் பெயருக்கு நேரே அதை எழுத எனக்குக் கை வரவில்லை. லீவு கேட்டேன், தரமாட்டேன் என்கிறார்கள்.

வலி திரும்பியிருந்தாலும் மறைக்காதே. இதைப் படித்துக் காட்டும் சென்னகிருஷ்ணன் மாமாவிடம் ஒரு வரி எழுதச் சொல். கொஞ்சம் கொள்ளும் அனுப்பு.

தபால் கட்டப் போகிறார்கள். பதில் கார்டின் மூலையில் உன் கையால் மஞ்சள் தடவு. தபால்காரர் தெருமுனையில் வரும்போதே எனக்குத் தெரிய வேண்டும்.

திம்மராயன்