எட்டு ஆட்டம்

புதன், இரவு.

தூக்கம் வரவில்லை. லண்டனில் நாடகத்தில் நடிக்கும் மகள் மல்லிகா அனுப்பிய வீடியோவை இன்று செம்மேடு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வீட்டில் சிக்னல் கிடையாது. கடைசிக் காட்சியில் அவள் செத்துப்போகிறாள். வெள்ளைத் துணியை இழுத்து முகத்தை மூடுகிறார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது.

அங்கிருந்தே போன் போட்டேன். சிரித்தாள். "நாடகந்தானுங்கப்பா. வாரத்துக்கு எட்டு ஆட்டம். புதனும் சனியும் மட்டும் மதியம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே மனைவி செல்வியிடம் சொல்லிவிட்டேன். "ஏனுங்க, சாவப் பாத்துட்டு அப்படியே ஊட்டுக்குள்ள வருவீங்களா? தலைக்கு ஊத்திக்கிட்டு வாங்க" என்றாள். "அது நடிப்புடி, உனக்குப் புத்தி இருக்கா?" என்று கத்தினேன். கத்திவிட்டுப் போய்ப் பச்சைத் தண்ணீரிலேயே குளித்தேன்.

குளித்தது தப்போ? பெற்றவனே அவள் சாவை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? செல்வியிடம் கேட்கவில்லை. அவளும் புரண்டுகொண்டுதான் இருக்கிறாள்.

இன்று புதன்கிழமை. நான் ஒரு முறைதான் குளித்திருக்கிறேன்.